எந்த அருவி?

ஒரு காட்டில் ஒரு நரி பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நரி எங்கள் அப்பா. பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தது எங்கள் அம்மா. எதிரே உட்கார்ந்திருந்தது குகை ஒதுக்கும் அதிகாரி யானை. பொய்யை எழுதிக் கொடுத்தது நான்.

வேறு வழியில்லை. மழை பிடித்துவிட்டது, எங்கள் வளைக்குள் தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டது. நனையாத குகை பாறைமேட்டில் ஒன்றே ஒன்றுதான் காலி. போன வருஷம் அதை வாங்கிய கரடித் தம்பதி, மழைக்காலம் முடிவதற்குள் சண்டை போட்டு, நடுவே கல் அடுக்கி ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, கடைசியில் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டது. அதிலிருந்து ஆபீசில் புது வழக்கம். குகை கேட்டு வருகிற ஜோடி, தாங்கள் சந்தித்த கதையைச் சொல்ல வேண்டும். சொல்கிற விதத்தை வைத்தே யானை அந்தக் கல்யாணத்தின் லட்சணத்தைக் கண்டுபிடித்துவிடுமாம்.

எங்களுக்கு முன்னால் முள்ளம்பன்றித் தம்பதி. வரிசையில் இரண்டும் நடுவே மூன்று பேரை விட்டு நின்றன. உள்ளே போனதும் ஒட்டிக்கொண்டன. "நாங்க சந்திச்சோம், நாங்க சிரிச்சோம், நாங்க கஷ்டத்தையெல்லாம் தாண்டினோம்" என்று பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி ஒரே குரலில் ஒப்பித்தன.

நானும் அதே மாதிரிதான் எழுதியிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் எழுதினால் எப்படி இருக்கும்? நிலா காய்ந்தது. மயில் ஆடியது. ராத்திரியில் மயில் எதற்கு ஆடுகிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை. அருவி ஓரம் அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்த அருவி?" என்றது யானை.

எங்கள் காட்டில் அருவியே கிடையாது. அப்பா என்னைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். இப்படி ஆளாளுக்குப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு ஆகாது.

"அது நான் சேர்த்ததுங்கய்யா. நிலாவும்தான்."

"அப்போ நடந்தது என்ன?"

அப்பா தொண்டையைச் செருமினார். "பிரியாணிக் கடைக்குப் பின்னால ஐயா. ஒரு எலும்பு. ஒரு பக்கம் நான் கடிச்சேன், இன்னொரு பக்கம் இவ கடிச்சா. அப்போ நாய் வந்துது. இவளைக் காப்பாத்தணும்னு நான்..."

"ஓடினீங்க," என்றாள் அம்மா.

"நாயைத் திசை திருப்பினேன் வஞ்சி."

"சிமெண்ட் குழாய்க்குள்ள தலையை விட்டா? ஐயா, நாயைக் கடிச்சு விரட்டினது நானு. திரும்பிப் பார்த்தா இவரு தலை உள்ளே, வால் வெளியே. 'நாய் போயிடுச்சாங்க'ன்னு குழாய்க்குள்ளேருந்து குரல் வருது!"

"வால் நடுங்கலைன்னு சொல்லுடி."

"நடுங்கல. செத்துட்டீங்கன்னே நினைச்சேன்."

"அப்புறம் எலும்பை ஏன் எனக்குக் கொடுத்தே?"

"காட்டலைன்னா குழாயை விட்டு வந்திருப்பீங்களா?"

இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். யானையும் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தது. ஆகா, உண்மைதான் ஜெயித்தது, குகை நமக்குத்தான் என்று நான் மனசுக்குள் பாய் போட்டுப் படுத்துவிட்டேன்.

யானை கண்ணைத் துடைத்துக்கொண்டது. "இந்த நாற்காலியில உட்கார்ந்து இவ்வளவு நல்ல கல்யாணத்தை நான் கேட்டதேயில்ல. குகை முள்ளம்பன்றிக்கு."

"ஐயா?"

"நீங்க சேத்துல கிடந்தாலும் சிரிப்பீங்க. அதுங்களுக்கு வீடும் இல்லைன்னா வேற என்னதான் இருக்கு?"

"அதுங்களும் நடுவுல கல் அடுக்கினா?" என்றேன்.

"கல் எதுக்குடா? அதான் முள் இருக்கே. அடுத்த ஜோடி!"

வளைக்குத் திரும்பினோம். தண்ணீர் முழங்கால் வரை நின்றது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்நேரம் காய்ந்த தரையில் படுத்திருக்கலாம் என்று யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் என்னைக் கண்டுகொள்ளவேயில்லை.

"போயும் போயும் ஒரு நாய்க்கா அப்படிப் பயந்தீங்க?" என்றாள் அம்மா.

"ஒண்ணு இல்லடி. ரெண்டு."

"ரெண்டா? இத்தனை நாளா சொல்லவேயில்ல! டேய், நின்னு வாயைப் பார்க்காதே. தண்ணி வருது, வாசல்ல மண்ணைத் தள்ளு."

நான் தள்ளவில்லை. இரண்டாவது நாய் அப்போதுதான் கதைக்குள் வந்திருந்தது.

நீதி: நனையாத குகை வேண்டுமென்றால், வீட்டில் சிரிப்பு இருப்பதை ஆபீசில் காட்டாதீர்கள். உண்மை பேசும் மகன் இருந்தால் அவனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.