இருநூற்றுப் பதினான்கு ஸ்பேனரும் ஒரு மொட்டை வால்வும்

உலகத்தில் ஸ்பேனர் வைத்திருக்கிறவர்கள் இரண்டு ரகம். நட்டைக் கழற்றுவதற்காக வைத்திருக்கிறவர்கள் முதல் ரகம். அவர்களை விடுங்கள், பிழைக்கத் தெரிந்தவர்கள். வைத்திருப்பதற்காகவே வைத்திருக்கிறவர்கள் இரண்டாவது ரகம். இந்த ரகத்தில் ஒருவருக்குப் பழைய ஸ்பேனர்காரர் என்று பெயர். இவர் வீட்டு இரும்பை உருக்கினால் ஒரு ரயில் எஞ்சின் செய்யலாம். மிச்சத்தில் ரெண்டு பெட்டியும், கார்டுக்கு ஒரு விசிலும் செய்யலாம். ஆனால் இவர் உட்காரும் நாற்காலி மட்டும் ஆடும். ஏன் என்று கேட்டால், "அதுக்கு ஆள் வரச் சொல்லணும்" என்பார்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். சட்டைப் பை ஒரு பக்கமாகத் தொங்கும். ஒரு கை எப்போதும் இடுப்பில் இருக்கும். கம்பீரம் என்று நினைத்துவிடாதீர்கள், பாக்கெட்டில் இருக்கிற இரும்பு கால்சட்டையைக் கீழே இழுக்கிறது, பிடித்துக்கொண்டிருக்கிறார். தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டார், தரையைப் பார்ப்பார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் எல்லோரும் இறந்தவரைப் பார்த்து அழுதுகொண்டிருக்க, இவர் மட்டும் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிற மரப்பெட்டியைப் பார்த்துக் கண் கலங்குவார். "பெரியவர் நல்லா வாழ்ந்தவரு... அந்தப் பெட்டியில என்ன இருக்கு?"

கையில் ஒரு துருப்பிடித்த ஸ்பேனரைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்ப்பார். பிறகு மூக்குக்குக் கிட்டே. பிறகு கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஸ்பேனரின் கழுத்துப் பக்கமாக ஒரு தேய்ப்பு. கம்பெனி எழுத்து தெரிந்தால் ஒரு மூச்சு, தெரியாவிட்டால் அதைவிடப் பெரிய மூச்சு. "இந்த மாதிரி இரும்பு இப்ப யாரு ஊத்துறா?" என்று உங்களைக் கேட்பார். நீங்கள்தான் ஊற்றுவதை நிறுத்திவிட்ட மாதிரி இருக்கும் அந்தக் குரல். துடைக்கத் துணி எடுத்தீர்களோ, கதை முடிந்தது. "ஐயையோ, துருவைத் தொடாதீங்க! அதுதாங்க அதோட வயசு!"

கடைசியாக வரும், இந்த இனத்தின் தேசிய கீதம்: "இதுக்கு உங்க பக்கம் என்ன பேரு சொல்வாங்க?"

யாரையோ கிண்டல் செய்கிறேன் என்று நினைக்கிறீர்களா? வேறு யாரையாவது கிண்டல் செய்ய எனக்குத் தைரியம் ஏது? எல்லாம் என்னைத்தான். எண்ணிக்கை இருநூற்றுப் பதினான்கு. ரெண்டாவது அறை முழுக்க அதுதான். அந்த அறையில் நடந்தால் வீடே ஒரு பக்கம் சாய்கிறது என்பது என் மனைவியின் கட்சி. அப்படியெல்லாம் இல்லை. தரையில் உருட்டிவிட்ட எலுமிச்சம்பழம் தானாக அந்த அறைக்குப் போகிறது என்பது மட்டும் உண்மை.

இரும்பு போதாதென்று பெயர் வேறு சேர்த்தேன். அதற்கு ஒரு நோட்டு. மண்ணை வெட்டுகிற ஒரே சாமான் ஒருவருக்கு மண்வெட்டி, ஒருவருக்கு மம்பட்டி, இன்னொருவருக்கு மமுட்டி. கொத்தனார் கையில் இருப்பதை ஒருவர் கரணை என்பார், ஒருவர் கொல்லறு என்பார், அவசரத்தில் இருக்கிறவர் கரண்டி என்று சொல்லி முடித்துவிடுவார். கடப்பாரையை அலவாங்கு என்று சொன்ன ஒரு மனிதரை நான் மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி இறங்கித் துரத்திப் பிடித்து, எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டேன். லாரிப் பட்டறையில் பெரிய ஸ்பேனருக்கு முதலை என்று பெயர். குழாய்க்காரர்களிடம் அதே மாதிரி ஒன்று பல்லன். சைக்கிள் கடையில் எட்டுக்கண்ணு. ஒரு தடவை ஒரு மெக்கானிக் நட்டை முறுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் குனிந்து, "இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டேன். என் பக்கம் திரும்பினார், ஸ்பேனர் நழுவியது, விரல் நசுங்கியது. "ஐயோ அம்மா!" என்றார். அவசரத்தில் அதையும் எழுதிவிட்டேன். நோட்டில் இன்னும் இருக்கிறது, ஏழாம் பக்கம்.

இப்படி நானும் இரும்பும் சுகமாக இருந்தபோதுதான் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வருகிறாள், மூன்று மாதம் இங்கே தங்குவாள் என்று செய்தி. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் என் மனைவி சந்தோஷத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ரெண்டாவது அறை வாசலில் போய் நின்றாள்.

"ஏங்க, குழந்தையை எங்க படுக்க வைக்கிறது?"

"அதான் ஹால் இருக்கே."

"ஹால்ல நீங்க படுங்க. பேத்தி அறையில படுப்பா. இந்தக் குப்பையை எல்லாம் இரும்புக் கடைக்காரருக்குப் போட்டுடலாம்."

"குப்பையா? இதுல ஒவ்வொண்ணும்..."

"ஒவ்வொண்ணும் என்ன? இருபது வருஷமா பாக்கறேன். இதுல ஏதாவது ஒண்ணு, ஒரே ஒண்ணு, இந்த வீட்டுக்கு ஒரு வேலை செஞ்சிருக்கா? செஞ்சு காட்டச் சொல்லுங்க. மொத்தத்தையும் வெச்சுக்குங்க, நானே தினம் தூசி தட்டறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம்."

அன்று வியாழன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து கையில் ஸ்பேனரோடு வேலை தேடி அலைந்தேன். வேலை இல்லாத இளைஞர்கூட அப்படி அலைந்திருக்க மாட்டார். மின்விசிறி கெட்டியாக இருந்தது. ஜன்னல் கெட்டியாக இருந்தது. ஆடுகிற நாற்காலியைப் பிடித்தேன். அதில் இருந்தது நட்டே இல்லை, ஆணி. பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். சைக்கிளை உள்ளே எடுத்துப்போனார். ஒரு வீடு இவ்வளவு ஒழுங்காக இருந்தால் மனிதன் எப்படிக் கௌரவமாக வாழ்வது?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இந்த இனத்துக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. வீட்டில் எதுவும் ஒழுகவில்லை என்றால் ஒழுக வைத்தால் என்ன? சமையலறைத் தொட்டிக்கு அடியில், குழாய்க்குத் தண்ணீர் வரும் இடத்தில் ஒரு நட்டு. அதைக் கால் சுற்றுத் தளர்த்துவது. சொட்டுச் சொட்டாக ஒழுகும். அவள் கத்துவாள். நான் சாவதானமாக வருவேன். ஒரு திருகு. சொட்டு நிற்கும். இருநூற்றுப் பதினான்கும் பிழைக்கும்.

அவள் மாடியில் துணி காயப்போடும் நேரம் பார்த்துத் தொட்டிக்கு அடியில் புகுந்தேன். என்னிடம் இருப்பதெல்லாம் அந்தக் காலத்து அளவு. நட்டு இந்தக் காலத்து அளவு. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று வாயே திறக்கவில்லை. நான் எண்ணெய் போட விடவில்லையே, துருதானே வயசு! கடைசியில் ஒன்று ஏறக்குறையப் பொருந்தியது. ஏறக்குறைய! அழுத்தினேன். வழுக்கியது. நட்டின் மூலையெல்லாம் மழுங்கி உருண்டை ஆனது. இன்னும் அழுத்தினேன். கால் சுற்றுக்குப் பதில் குழாயே கையோடு வந்துவிட்டது.

சொட்டா? ஆனையின் தும்பிக்கை மாதிரி வந்தது. மூஞ்சியில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. தண்ணீர் சமையலறையைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, எலுமிச்சம்பழம் போகிற அதே வழியில் ரெண்டாவது அறையைப் பார்த்து நடந்தது.

சத்தம் கேட்டு அவள் ஓடி வந்தாள். "ஐயோ! என்னங்க இது? வால்வை மூடுங்க! பின்னாடி போய் வால்வை மூடுங்க!"

வீட்டுக்குப் பின்பக்கச் சுவரில், மேல் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை நிறுத்தும் வால்வு. ஓடினேன். நின்றேன்.

வால்வு மொட்டையாக இருந்தது. கைப்பிடி உடைந்து பதினோரு வருஷம் ஆகிறது. கைப்பிடிக்குப் பதில் அதன் சதுர மூக்கில் ஒரு பழைய ஸ்பேனரை மாட்டி வைத்திருந்தார் வீடு கட்டிய கொத்தனார். வெயிலிலும் மழையிலும் பதினோரு வருஷம் அது அங்கேயே நின்றது. போன மாதம் ஒரு நாள் ஈரத்துணி பட்டு, அதன் கழுத்தில் ஏதோ எழுத்து தெரிந்தது. அவ்வளவுதான், கட்டைவிரல் நாக்குக்குப் போய்விட்டது. "இவ்வளவு அருமையான சாமான் இங்க நின்னு கஷ்டப்படுதே!" என்று நெஞ்சு உருகி, உருவிக்கொண்டு போய் என் சேகரிப்பில் வைத்துவிட்டேன். இந்த வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஒரே ஸ்பேனர் அதுதான். அதற்கு நான் ஓய்வு கொடுத்திருந்தேன்.

ஓடினேன் அறைக்கு. தேட வேண்டியதே இல்லை, நட்டநடுவில் ராஜா மாதிரி இருந்தது. ஒரு மரப்பலகையில் வைத்து, திருடன் கொண்டுபோய்விடக் கூடாதென்று செப்புக் கம்பியால் ஒன்பது சுற்றுச் சுற்றி, பின்பக்கம் முடிச்சுப் போட்டிருந்தேன். கம்பியை வெட்டக் கட்டிங் பிளேயர் வேண்டும். என்னிடம் இல்லை. அது ஸ்பேனர் இல்லையே, எப்படி இருக்கும்? நகத்தால் முடிச்சைப் பிரித்துக்கொண்டு நிற்கிறேன், தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது.

"என்னங்க பண்றீங்க அங்க?"

"இரு, அவுத்துட்டு இருக்கேன்!"

"நகருங்க!"

பலகையோடு பிடுங்கினாள். பலகையோடு ஓடினாள். பலகை வெட்டும்போது அளவு தவறி, ஸ்பேனரின் வாய் நாலு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை என் வாழ்நாள் அவமானமாக நினைத்திருந்தேன். அந்த வாயை அப்படியே வால்வின் மூக்கில் மாட்டி, பலகையை ரெண்டு கையால் பிடித்து, பஸ் ஓட்டுநர் வளைவில் திருப்புவதுபோல் ஒரே திருப்பு. தண்ணீர் நின்றது.

மதியம் குழாய்க்காரர் வந்தார். தொட்டிக்கு அடியில் தலையை விட்டார், வெளியே எடுக்காமலே பேசினார். "அக்கா, இது தானா கழண்டது இல்ல. யாரோ கழட்டியிருக்காங்க. பாருங்க, நட்டு முழுக்கப் பல்லு பட்டிருக்கு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். நல்ல கெட்டியான ஜன்னல்.

வேலையை முடித்துவிட்டு அவர் பின்பக்கம் போனார். வால்வில் பலகை தொங்குவதைப் பார்த்து, அதில் நான் ஒட்டியிருந்த சீட்டைச் சத்தமாக வாசித்தார். "பெயர்: ஸ்பேனர், ரிஞ்சு, முதலை, திருகி. பயன்: ஆராய்ந்து வருகிறோம்." என் பக்கம் திரும்பினார். "யாரு சார் ஆராயறது?"

"ஒரு குழு," என்றேன்.

அவர் போனதும் நான் வக்கீல் ஆனேன். "இதோ பாரு, நீ என்ன சொன்ன? ஒண்ணு வேலை செஞ்சா மொத்தத்தையும் வெச்சுக்கலாம்னு சொன்ன. செஞ்சிடுச்சா இல்லையா? நீயேதான் செய்ய வெச்ச!"

"செஞ்சுது," என்றாள். ரொம்ப அமைதியாக. "ஆனா அது உங்க அறைக்கு வர்றதுக்கு முன்னாடியே பதினோரு வருஷமா செஞ்சுக்கிட்டு இருந்துது. உங்ககிட்ட வந்துதான் ஒரு மாசம் சும்மா இருந்துது. அதை வெச்சுக்கலாம். மத்த இருநூத்திப் பதிமூணையும் எடுத்துடுங்க."

இதற்கு மேல் எந்தக் கோர்ட்டில் அப்பீல்?

சனிக்கிழமை இரும்புக் கடைக்காரர் வண்டியோடு வந்தார். இருபது வருஷமாக எனக்கென்று எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகக் கொடுத்த அதே மனிதர். மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டே ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, இதெல்லாம் எங்கயோ பார்த்த மாதிரியே இருக்கே!" என்றார். வண்டி கிளம்பியது. அறையில் எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே நின்றது. பொறுக்காமல் நானே காலால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டேன், மறைப்பானேன்?

ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்தாள். இருநூற்றுப் பதின்மூன்று ஸ்பேனர் இருந்த இடத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு உயிர். கொட்டாவி விட்டது. நான் இரும்பை மறந்தேன். மறந்திருப்பேன், அதற்குள் மருமகன் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து, கழற்றி வைத்திருந்த இரும்புத் தொட்டிலின் கால்களைத் தரையில் பரப்பி, "மாமா, ஒரு ஸ்பேனர் கிடைக்குமா?" என்றார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் கம்பீரமாக ஹாலுக்குப் போய், என் தலையணை உறைக்குள் கையை விட்டு, யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினேன். கணக்கில் இரும்புக் கடைக்காரருக்குப் போனது இருநூற்றுப் பன்னிரண்டுதான்.

மருமகன் மாட்டிப் பார்த்தார். பொருந்தவில்லை. அந்தக் காலத்து அளவு.

பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் அவர் ஒன்று வாங்கி வந்தார். அதை நான் கையில் வாங்கி, தூரத்தில் வைத்துப் பார்த்து, "பேத்தி, இதுக்குப் பேரு என்ன தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். அது அழுதது. நல்ல அறிவுள்ள குழந்தை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன குறை? ஆனால் ஒன்று கேட்கிறேன். மேலே மண்வெட்டியையும் கரணையையும் கடப்பாரையையும் பற்றிச் சொன்னேனே, அந்த இடத்தில், "அட, எங்க பக்கம் அதுக்கு வேற பேராச்சே!" என்று உங்கள் உதடு லேசாக அசைந்ததா? அசைந்ததுதானே? அப்படித்தான் ஆரம்பிக்கும். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பெயரை மறக்காமல் எழுதி அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை வீட்டுக்குப் பின்னால் போய், வால்வில் கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.