கயிற்றில் தொங்கும் திருடனும் முறை ஒழுங்கு விதிகளும்

கதை எழுதுவதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. எங்கள் நால்வருக்கும் அந்த ஞானம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

கைபேசியில் ஒரு குழு வைத்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, செய்தி செய்தியாகக் கதை வளர்த்து வந்தோம். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனாகிய நான் திருடன். தையல்காரம்மா இளவரசி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் கோட்டை அகழியில் கிடக்கும் முதலை. மருந்துக்கடைக்காரர் ராஜா. கடையில் கூட்டமில்லாத ராஜாவைப் போலப் பொல்லாதவர் யாருமில்லை. ஒருநாள் தையல்காரம்மா ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்து நிமிர்வதற்குள் அவர் பதினேழு செய்தி போட்டு, இளவரசிக்குக் கல்யாணம் முடித்து, பிறந்த இரட்டைக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டார்.

"எனக்கே தெரியாம எனக்குக் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. நியாயமான கோபம்.

கல்யாணத்தை ரத்து செய்தோம். இனி எல்லோருக்கும் சமமாக முறை கிடைக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். அத்தோடு விட்டிருக்கலாம். "எங்க மச்சான் இருக்காரே" என்று வாயைக் கொடுத்தவன் நான்தான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். முப்பத்துநான்கு வருஷம் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து, எந்தக் கோப்பும் அவசரப்பட்டு நகர்ந்துவிடாமல் காத்து, நல்ல பெயரோடு ஓய்வுபெற்றவர். கேட்ட அன்றே விதிகளை அனுப்பிவிட்டார். வரிசைப்படி ஆளுக்கு ஒரு முறை, ஒரு முறைக்கு ஒரு செய்தி. குழுவில் போடப்படும் எதுவும் செய்தியே. நால்வரும் எழுதியதும் சுற்று முடியும். பிறகு ஒரு வாரம் சரிபார்ப்பு. தலைவர், அதாவது மச்சான், எழுதுவது மட்டும் செய்தி ஆகாது, அது அறிவிப்பு.

அந்த நேரம் பார்த்து என் திருடன் கோட்டைச் சுவரில் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். கயிற்றின் மேல்நுனி இளவரசி கையில். கீழே முதலை வாயைத் திறந்தாயிற்று. இளவரசி ஓர் இழுப்பு இழுத்தால் பிழைத்துக்கொள்வான். ஒன்றரை மாதம் நான் பார்த்துப் பார்த்து வளர்த்த திருடன் அவன். அவன்மேல் எனக்கு உண்மையிலேயே பாசம் வந்துவிட்டது.

தையல்காரம்மா எழுதினார்: "இப்ப என் முறையா?"

"உறுப்பினரின் முறை இச்செய்தியுடன் முடிவுற்றது" என்று மச்சானிடமிருந்து அறிவிப்பு வந்தது.

"இது அநியாயம்" என்றார் ராஜா. அவர் முறையும் முடிந்தது. முதலை வெறும் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டது, அதுவும் செய்திதானாம். நான் பதறிப்போய், "மச்சான், கை வலிக்குது" என்று எழுதினேன். சந்தர்ப்பத்துக்குப் பொருத்தமான வசனம் என்று பாராட்டி, அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் தையல்காரம்மா, "போன வாரம் தெரியாம கேட்டுட்டேன், மன்னிக்கணும்" என்று தொடங்கினார். தொடங்கியதோடு சரி. அதற்கடுத்த வாரம் முதலை விடுப்பில் போக, ராஜாவே பொறுப்பு முதலையாக நியமிக்கப்பட்டார். நியமனத்தை ஏற்பதாக அவர் எழுதியதில் ராஜாவின் முறை போயிற்று. நன்றி சொன்னதில் முதலையின் முறையும் போயிற்று.

பொறுக்க முடியாமல் நேரில் போனேன். மச்சான் நாற்காலியில் சாய்ந்து சரிபார்ப்பில் இருந்தார்.

"நாலு வாரமாத் தொங்குறேன், மச்சான்."

"நீங்களா?"

"திருடன்."

"விழுந்துட்டானா?"

"இன்னும் இல்ல."

"அப்புறம் என்ன குறை, மாப்பிள்ளை? ராஜா இஷ்டத்துக்கு எழுதினப்ப வாரத்துக்கு ரெண்டு பேர் செத்தாங்க. விதி வந்ததுலேருந்து ஒரு உயிர் போயிருக்கா?"

வீட்டுக்கு வந்து, மச்சான் இல்லாமல் ரகசியமாக வேறொரு குழு தொடங்கினேன். மற்ற மூவரும் பாய்ந்து வந்தார்கள். முதல் பத்து நிமிஷத்தில் இளவரசி கயிற்றை இழுத்தார், ராஜா அதை அறுத்தார், முதலை என்னை விழுங்கியது, நான் மேலே ஏறிச் சேர்ந்தேன். எல்லாம் ஒரே சமயத்தில். அந்த அமளியில் இளவரசிக்கு மறுபடியும் கல்யாணம் ஆகியிருந்தது.

"இதுக்கு உங்க மச்சானே தேவலாம்" என்றார் தையல்காரம்மா. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நால்வரும் பழைய குழுவுக்கே திரும்பினோம்.

அங்கே ஓர் அறிவிப்பு காத்திருந்தது: "நெடுநாள் தொங்குபவர் என்பதைக் கருணையுடன் பரிசீலித்து, இச்சுற்றின் முதல் முறை திருடனுக்கே வழங்கப்படுகிறது. அவர் மேலே ஏறிக்கொள்ளலாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, மச்சான் நல்ல மனுஷன். ஒரு நொடிகூட யோசிக்காமல், "ரொம்ப நன்றி மச்சான்" என்று போட்டேன்.

அதைப் பார்த்து மற்ற மூவரும் ஆளுக்கொரு சிரிப்பு முகம் போட்டார்கள். சுற்று இனிதே நிறைவுற்றதாக உடனே அறிவிப்பு வந்தது.