மணவறையை இறக்கிவைத்த விவரம்

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய அத்தான் அருமைராசா அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் குணரத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு என் இடுப்பைத் தவிர அனைவரும் நலம். அங்கு தாங்களும், ஜெகதீஸ்வரி அக்காவும், கல்யாணப்பெண் சாம்பவியும் நலமென்றே நம்புகிறேன். தொலைபேசியில் சொன்னால் அக்கா நடுவில் புகுந்து கேள்வி கேட்பா. கடிதத்துக்கு நடுவில் புக முடியாது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் குடும்ப வரலாற்றில் குறித்துவைக்கத்தக்க முடிவொன்று சென்ற மாதம் எடுக்கப்பட்டது. எல்லாத் தரப்பினரின் கருத்துகளும் கேட்டறியப்பட்டன. சோறு ஆறியது. ஈற்றில், என் பிக்கப் வண்டியின் பின்புறம் ட்ரெயிலர் இழுக்க ஒரு கொக்கி பூட்டுவதென ஏகமனதாகத் தீர்மானித்தோம். காரணம் தாங்கள் அறிந்ததே. மண்டபத்தார் வாடகைக்குத் தரும் பிளாஸ்டிக் பூ வளைவே போதுமென்று தாங்கள் சொன்னபோது, தாய்மாமன் என்ற முறையில், "என்ர மருமகள் என்ர மணவறையிலதான் இருப்பாள்" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னவன் நான். நான் வாடகைக்கு விட்டு, மொன்றியலில் எத்தனையோ சோடிகளை இருத்தி எழுப்பிய மணவறை, அலங்கார யானைகள் இரண்டும் ஒரு மயிலுமாக, ட்ரெயிலரில் ஸ்காபரோவுக்கு வரவேண்டும். சொன்ன சொல் அது.

காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்யும் என் மகள் நிரோஜா அன்றிரவே சட்டங்களை வாசித்துவிட்டு வந்தாள்.

"அப்பா, பிக்கப் இழுக்கிற பாரம் வேற, கொக்கி தாங்கிற பாரம் வேற, ட்ரெயிலர் சுமக்கிற பாரம் வேற. மூண்டில எது குறைவோ அதுதான் கணக்கு. பாரம் இன்னும் கூடினா உங்கட லைசன்ஸ் காணாது, லொறிக்காரற்ற லைசன்ஸ் கேப்பினம். ஒன்ராறியோவுக்குள்ள போனா அங்கத்தையச் சட்டம் வேற."

"விளம்பரத்தில இதே பிக்கப் ஒரு வீட்டையே இழுக்குதே, பிள்ளை?"

"அதை ஓடுறவர் ஒல்லியான ஆள். பக்கத்தில நீக்கிலாப்பிள்ளை மாமா இல்லை."

வில்லரேயில் இருக்கும் நண்பர் நீக்கிலாப்பிள்ளை எனக்கு வழித்துணையாக வருவதாக இருந்தது. அவரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தோம். மணவறை மட்டும் ஏறினால் எல்லாம் சட்டத்துக்குள் அடங்கியது. கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அந்த மிச்சம் இருக்கும் செய்தி எப்படி வெளியே போனது என்பதை என் மனைவி இன்றுவரை சொல்லவில்லை.

ஸ்காபரோவில் கிடைக்காத பொருள் இல்லை என்பதை அங்கேயே வசிக்கும் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மொன்றியலில் இருந்து யாராவது புறப்பட்டால், அங்குள்ளவர்கள் பட்டினி கிடப்பதாக இங்குள்ளவர்களுக்கு ஒரு கவலை வந்துவிடுகிறது. கர்க்லாண்டில் இருந்து எங்கள் சிநேகிதன் றூபனின் மாமியார் ஒரு மீன்பெட்டியை ஐஸ் போட்டு அனுப்பினா, "பாரமில்லாத சாமான் தம்பி, ஒரு கையால தூக்கலாம்" என்றா, அதைத் தூக்கி வந்தவர்கள் மூன்று பேர்; அதன் பின்னால் ஒருவரின் மருமகனுக்குப் பனிக்கால ரயர்கள், இன்னொருவரின் தங்கைக்குக் கால்மிதி தையல் மெஷின், சின்னச் சாமான் என்று சொல்லி வந்த பெரிய சாக்குகள். நீக்கிலாப்பிள்ளை தன் மகள் செலீனின் புது வீட்டுக்கென்று ஆளுயர அந்தோனியார் சிலை ஒன்றைக் கொண்டுவந்தார், உள்ளே முழுக்கச் சீமெந்து. யாரையும் வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை அத்தான், நாளைக்கு அவையின்ர முகத்தில முழிக்கிறது நான்தானே. கடைசியாக அக்கா ரெலிபோன் எடுத்து, கலியாணத்துக்கு ஒரு சின்ன அம்மி வேணும் எண்டா. அதுவும் ஏறியது.

புறப்பட்டபோது பிக்கப் பின்பக்கம் குந்தி, முன்விளக்குகள் வானத்தைப் பார்த்தன. ஒன்ராறியோ எல்லைக்குக் கிட்ட, பாரம் நிறுக்கும் இடத்தில், ஒரு பெண் அதிகாரி கை காட்டினா. மிக மரியாதையான பிள்ளை. போன்ஜூர் என்று வணக்கம் சொன்னா, பாரத்தை நிறுத்துப் பார்த்தா, பிறகும் ஒருமுறை நிறுத்துப் பார்த்தா. என்னுடைய லைசன்ஸில் ஒரு குறையும் இல்லை என்பதைத் தங்களுக்குப் பெருமையுடன் அறியத் தருகிறேன். ட்ரெயிலர்தான் தாங்கக்கூடிய அளவைத் தாண்டியிருந்தது. ஏதாவது இறக்காமல் ஓர் அடியும் நகர முடியாது என்று பிரெஞ்சில் சொன்னதை நீக்கிலாப்பிள்ளை எனக்கு மொழிபெயர்த்தார். பிறகு அந்தப் பிள்ளை அந்தோனியாரைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னா.

"என்னவாம் அண்ணை?"

"சிலை வடிவா இருக்காம்" என்றார்.

எதை இறக்குவது என்று மனைவியிடம் ரெலிபோனில் கேட்டேன்.

"மீனை இறக்கினா அந்த மனிசி செத்தாலும் எங்களோட கதைக்காது. சாக்குகளிலை தொட்டா அவையின்ர வீட்டு நல்லது கெட்டதுக்கு நாங்கள் போகேலாது. அந்தோனியாரை றோட்டிலை இறக்கிப்போட்டு மணவறையைக் கொண்டு போனவன் எண்டு வில்லரே முழுக்கக் கதைப்பினம், பாத்துக்கொள்ளுங்கோ."

"அம்மி?"

"உங்கட கொக்காவின்ரை அம்மியையோ?"

நான் அந்த யோசனையை உடனே கைவிட்டேன். அங்கே நின்று ஒவ்வொரு பொருளாகப் பார்த்தேன் அத்தான். இறக்கினால் யாரும் கோபிக்காத பொருள் அந்த ட்ரெயிலரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஏனென்றால் அது என்னுடையது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் தன் வைக்கோல் கொட்டகையில் இடம் தந்தார். இரண்டு யானைகளையும் மயிலையும் இறக்கி வைத்தோம். அதிகாரி மறுபடி பாரத்தை நிறுத்துப் பார்த்து, திருப்தியடைந்து, நல்ல பயணம் அமையட்டும் என்றா.

ஆகவே மீன் உருகாமல் போய்ச் சேர்ந்தது. அந்தோனியாரும் சுகமாகச் சேர்ந்தார். சனிக்கிழமை தங்கள் வீட்டு வாசலில் காரணம் தெரியாமல் ஓர் அம்மி கிடந்திருக்கும். அதை வைத்துவிட்டு மணியடிக்காமல் போனது நான்தான். மணவறை எங்கே என்று அக்கா கேட்டால் சொல்ல அப்போது என்னிடம் ஒரு வசனமும் இருக்கவில்லை.

இப்போது இருக்கிறது. கலியாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை வெறும் ட்ரெயிலருடன் புறப்பட்டு, கொட்டகையில் மணவறையை ஏற்றிக்கொண்டு நேரே மண்டபத்துக்கு வருவேன். ஒருவரிடமும் ஓர் ஊசிகூட வாங்க மாட்டேன். நீக்கிலாப்பிள்ளையும் வரமாட்டார். இது உறுதி. மண்டபத்தாரின் பூ வளைவைத் தாங்கள் துணிந்து வேண்டாமென்று சொல்லிவிடலாம்.

மருமகள் சாம்பவிக்கு மாமாவின் ஆசிகள். அக்காவுக்கு இக்கடிதத்தைக் கடைசிவரை வாசித்துக் காட்டவும். பாதியில் நிறுத்தினால் நான் குற்றவாளியாகத் தெரிவேன்.

தங்கள் அன்புள்ள மைத்துனன்,
குணரத்தினம்

பி.கு.: வெறும் ட்ரெயிலர் வரப்போவதை மனைவி கோயிலில் ஒரே ஒருவருக்குத்தான் சொன்னாவாம். இன்று எங்கள் முற்றத்தில் ஒரு இரட்டைக் கட்டிலும், பிரித்த அலுமாரி ஒன்றும், மாவரைக்கும் கிரைண்டர் இரண்டும் நிற்கின்றன. றூபனின் மாமியார் மறுபடியும் மீன் வாங்கப் போயிருக்கிறா. மண்டபத்தாருக்குக் காலையில் ரெலிபோன் எடுத்தேன். பூ வளைவு இன்னும் வாடகைக்கு இருக்கிறது.