மேனேஜரை முந்தலாமா?

மேனேஜரின் பின்சக்கரத்துக்கும் சூப்பர்வைசரின் முன்சக்கரத்துக்கும் நடுவில் மூன்றே மீட்டர். நான்கு சுற்றாக அதே மூன்று மீட்டர்.

எதிரே அரை கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்ப் பாதை, துடைத்து வைத்தது போல் காலியாகக் கிடந்தது. வலது கையை லேசாக முறுக்கினால் போதும். முன்னால் போகிற வெள்ளி நிற ஹெல்மெட் பின்னால் போய்விடும். சூப்பர்வைசர் முறுக்கவில்லை. உலகத்தில் எந்தப் பந்தயப் பாதையிலும் யாரும் பிரேக் பிடிக்காத அந்த இடத்தில், பதமாக பிரேக் பிடித்தார்.

பின்னால் ஏழு பைக்குகள் உறுமின.

பந்தயம் இல்லாத நாட்களில் அந்தப் பாதையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். காசு கட்டியவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஹெல்மெட்டிலும் பைக்கிலும் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். புதியவர்களுக்குப் பச்சை, ஓரளவு தெரிந்தவர்களுக்கு மஞ்சள், பறக்கிறவர்களுக்குச் சிவப்பு. ஒவ்வொரு குழுவுக்கும் மாறி மாறி மூன்று செஷன். பச்சைக்குச் சட்டதிட்டம் அதிகம். வளைவில் முந்தக் கூடாது. நேர்ப் பாதையில் முந்தலாம், அதுவும் ஒரு தடவைக்கு ஒருவரை மட்டும், பக்கவாட்டில் இரண்டு மீட்டர் இடம் விட்டு. முந்துகிறவர்தான் பொறுப்பு. முந்தப்படுகிறவர் திரும்பிப் பார்க்காமல் தன் வழியே போக வேண்டும்.

எல்லாம் சரிதான். முன்னால் போகிறவர் சொந்த மேனேஜராக இருந்தால் என்ன செய்வது என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

சூப்பர்வைசர் வேலை பார்ப்பது லிப்ட் கம்பெனியில். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிப்ட்டுகள் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்கின. ஆனால் எந்த லிப்ட்டிலும் அவர் முதலில் நுழைந்ததாக வரலாறு கிடையாது. "நீங்க முதல்ல சார்" என்று ஒதுங்கி நிற்பார். அதற்குள் கதவு மூடிவிடும். இவர் படியேறி வருவார்.

இப்போது மேனேஜருக்குத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் வந்திருந்தது. அவருடைய நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்று திங்கட்கிழமை அவரே எழுதிக் கொடுக்கப் போகிறார். பதினோரு வருட வேலைக்கு ஒரே ஒரு வாய்ப்பு. அதற்கு முந்தின சனிக்கிழமை மச்சினன் பேச்சைக் கேட்டு இங்கே வந்தால், பதிவு வரிசையில் இவருக்கு முன்னால் மேனேஜர்.

"அட, நீங்களும் பைக் ஓட்டுவீங்களா?"

"ஏதோ சார், சும்மா."

"பச்சையா? நல்லது. நானும் பச்சைதான். வாங்க, ஒண்ணாவே போகலாம்."

அன்றைக்கு முழுதும் பிடித்த சனி அந்த இடத்தில்தான் ஏறி உட்கார்ந்தது.

ஐந்தாவது சுற்றில் மேனேஜர் நேர்ப் பாதையின் இடது ஓரமாக ஒதுங்கினார். சூப்பர்வைசரும் பவ்யமாக இடது ஓரம் ஒதுங்கினார். மேனேஜர் இடது கையை எடுத்துப் பக்கவாட்டில் ஆட்டினார். நெருங்கி வராதே என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, சூப்பர்வைசர் இன்னும் கொஞ்சம் பிரேக் பிடித்தார். பின்னாலிருந்த ஏழு பைக்கும் ஒன்றன்மேல் ஒன்று சாயாத குறை.

முதல் செஷன் முடிந்து, வண்டி நிறுத்துகிற ஷெட்டுக்கு வந்தால், பயிற்சியாளர் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. எல்லோருக்கும் அவர் கோச்சம்மா. சத்தம் போட்டுப் பேச மாட்டார், அவசியம் இருந்ததில்லை.

"நேர்ப் பாதையில பிரேக் பிடிச்சது நீங்கதானே?"

"ஆமாங்க."

"குறுக்கே நாய் எதுவும் வந்துச்சா?"

"இல்லைங்க. முன்னாடி எங்க மேனேஜர் போயிட்டிருந்தார்."

கோச்சம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஆபீஸ்ல அவர் மேனேஜர். இங்க அவர் ஒரு வெள்ளி ஹெல்மெட். நீங்க ஒரு கறுப்பு சூட். அவ்வளவுதான். நடுவுல இடைவெளி விடாம ஒட்டிக்கிட்டே போனா பின்னாடி வர்றவங்க எங்க போவாங்க? முந்துங்க. இல்லைன்னா நல்லா தள்ளிப் போங்க."

அவர் நகர்ந்ததும் மேனேஜர் வந்தார்.

"எப்படி இருந்தது?"

"பிரமாதம் சார். நீங்க திரும்பற அழகு இருக்கே, பார்த்துக்கிட்டே இருக்கலாம் சார்."

"நான் ரொம்ப மெதுவாப் போறேனோ?"

"ஐயையோ, என்ன சார் நீங்க. உங்களை எட்டிப் பிடிக்கவே எனக்கு நாக்குத் தள்ளிடுச்சு."

மேனேஜர் கையுறையைக் கழற்றினார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"அப்படியா. சரி, அடுத்த செஷன்ல இன்னும் கொஞ்சம் மெதுவாப் போறேன்."



மஞ்சள் குழுவில் இருந்த மச்சினன் தன் முறையை முடித்துக்கொண்டு பக்கத்து ஷெட்டில் வந்து இறங்கினான். தொழில் பிஸியோதெரபி. விழுந்தவர்களை எழுப்பி நடக்க வைக்கிற வேலை.

"என்ன மாமா, உங்களுக்குப் பின்னாடி ஊர்வலமே வந்ததாமே. அந்தப் பக்கம் எல்லாரும் அதைத்தான் பேசிக்கறாங்க."

"வாயை மூடுடா. ஒரு வழி சொல்லு."

"இதுல என்ன இருக்கு? அவர் போய் ஒரு நிமிஷம் கழிச்சுக் கிளம்புங்க. நீங்க ஒரு மூலையில, அவர் ஒரு மூலையில."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. இரண்டாவது செஷனில் கடைசி ஆளாகக் கிளம்பினார். ஒன்றரைச் சுற்றுதான். முன்னால் வெள்ளி ஹெல்மெட். மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். கொண்டையூசி வளைவில் அவர் போன வேகத்துக்கு, பின்னால் போன சூப்பர்வைசர் காலைத் தரையில் ஊன்ற வேண்டியிருந்தது.

சூப்பர்வைசர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஷெட் பாதைக்குள் வந்தார். முப்பது எண்ணினார். திரும்பப் போனார். முன்னால் வெள்ளி ஹெல்மெட். மறுபடி உள்ளே வந்து அறுபது எண்ணினார். வெளியே போனால் மறுபடியும் வெள்ளி ஹெல்மெட், யாரோ தன்னைத் தவறவிட்டுவிட்டார்களே என்று தேடுகிற மாதிரி, நத்தையாய் ஊர்ந்துகொண்டிருந்தது.

நான்காவது தடவை உள்ளே வந்தபோது, பாதை வாசலில் கொடி காட்டி வண்டிகளை அனுப்புகிற கொடிக்காரர் வழிமறித்தார்.

"வண்டியில என்னங்க கோளாறு?"

"கோளாறு எதுவும் இல்லைங்க."

"கோளாறு இல்லாமலா நாலு தடவை வர்றீங்க? இறங்குங்க."

இரண்டு மெக்கானிக்குகள் வந்தார்கள். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, குனிந்து பார்த்து, நிமிர்ந்து பார்த்து, கடைசியில் ஒன்றுமில்லை என்று சொல்ல மனசில்லாமல் செயினை இறுக்கிவிட்டுப் போனார்கள். செஷன் முடிந்தது.

மேனேஜர் கையில் இரண்டு காப்பியோடு வந்தார். ஒன்றை நீட்டினார். "வண்டியில என்ன பிரச்சினை?"

"சூடு கொஞ்சம் ஜாஸ்தி சார்." வாயில் வந்ததைச் சொன்னார் சூப்பர்வைசர்.

"அடடா. கவலைப்படாதீங்க. சாயங்காலம் இன்னும் மெதுவாப் போறேன். வண்டிக்கும் சிரமம் இருக்காது, உங்களுக்கும் சிரமம் இருக்காது."

இதற்கு மேல் மெதுவாகப் போவதென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். சூப்பர்வைசர் காப்பியை ஒரே மடக்கில் விழுங்கினார். நாக்கு பொத்துப் போனது.

கோச்சம்மா அடுத்து வந்தார். இந்தத் தடவை குரல் இன்னும் தணிந்திருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

"இன்னும் ஒரே ஒரு செஷன் பாக்கி. மறுபடி நீங்க ரெண்டு பேரும் பாதையை அடைச்சீங்கன்னா, ரெண்டு பேர் ஸ்டிக்கரையும் பிச்சுட்டு வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"என்னை மட்டும் அனுப்புங்க. அவர் என்ன பாவம் செஞ்சார்?"

"ரெண்டு பேரையும்."

சூப்பர்வைசர் ஷெட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார். முந்தினால் மேனேஜருக்கு அவமானம். முந்தாவிட்டால், இவரால் மேனேஜருக்கு வெளியேற்றம். இரண்டு பக்கமும் நாற்காலி கண்ணெதிரே உருண்டு போய்க்கொண்டிருந்தது.

மச்சினன் பக்கத்தில் வந்து குந்தினான். "மாமா, முந்தறது பிரச்சினையா, முந்தறது நீங்கன்னு அவருக்குத் தெரியறது பிரச்சினையா?"

"ரெண்டாவது."

"அப்ப என் சூட்டைப் போட்டுக்கங்க. ஹெல்மெட்டும் என்னுது. வண்டியும் என்னுது. பச்சை ஸ்டிக்கரை மட்டும் உரிச்சு இதுல ஒட்டிக்கங்க. எவனோ ஒரு சிவப்பு சூட்டுக்காரன் முந்திட்டுப் போனான்னு நினைச்சுக்குவார்."

"நான் எங்கன்னு கேட்டா?"

"வயித்துவலின்னு படுத்துட்டீங்க."

மச்சினன் ஒல்லி. அவனுடைய சிவப்பு லெதர் சூட் சூப்பர்வைசரின் தொப்புள் வரை தகராறு இல்லாமல் வந்தது. அதற்கு மேல் ஜிப் ஏற மறுத்தது.

"மூச்சை இழுங்க மாமா."

"இழுத்துட்டேன்டா."

"இதுவா இழுத்தது? எங்க அக்கா கையால எவ்வளவு நல்லா சாப்பிட்டிருக்கீங்கன்னு இப்பத்தான் தெரியுது."

ஒரு வழியாக ஜிப் ஏறியது. சூப்பர்வைசரின் முகமும் சூட்டின் நிறத்துக்கு வந்தது. பேச முடியாது, குனிய முடியாது. நேராக உட்கார்ந்து ஓட்ட முடியும், அது போதும்.

கொடிக்காரர் பச்சை ஸ்டிக்கரைப் பார்த்தார், கையசைத்தார்.

முதல் சுற்று. இரண்டாம் சுற்று. நேர்ப் பாதை திறந்தது. இடது ஓரத்தில் வெள்ளி ஹெல்மெட் ஊர்ந்துகொண்டிருந்தது. சூப்பர்வைசர் ஹெல்மெட் கண்ணாடிக்குள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். வலது கையை முறுக்கினார்.

மச்சினன் வண்டி ஒரு தாவு தாவியது. பக்கவாட்டில் இரண்டு மீட்டர் இடம், ஒரு சாண் கூடவோ குறையவோ இல்லை. ஆட்டமில்லை, அவசரமில்லை. வெள்ளி ஹெல்மெட் பக்கத்தில் வந்தது, தோளுக்குப் பின்னால் போனது, இல்லாமல் போனது.

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக சூப்பர்வைசருக்கு முன்னால் யாருமே இல்லை. பாதை முழுக்க அவருடையதாக இருந்தது. ஹெல்மெட்டுக்குள் தன்னையறியாமல் சிரித்தார். சூட் அனுமதித்த அளவுக்கு.

அந்தச் சந்தோஷம் இரண்டு சுற்று நீடித்தது.

அதற்கடுத்த சுற்றில் பின்னாலிருந்து ஒரு இரைச்சல் கேட்டது. கூடவே நேர்ப் பாதையில் வெள்ளியாக ஏதோ மின்னி அவரைக் கடந்தது. அடுத்த வளைவில் அந்த வெள்ளி ஹெல்மெட், முழங்கால் தரையை உரசும்படி சாய்ந்து, எழுந்து, மறு வளைவுக்குள் மறைந்தது.

சூப்பர்வைசர் வேகத்தைக் குறைத்தார். மனுஷனுக்குக் கோபம் வந்தால் இப்படியும் ஓட்டுவானா? எவன்டா என்னை முந்தினவன் என்று வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இனி ஆளைப் பிடிக்காமல் விடமாட்டார்.

கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஷெட்டுக்குள் பாய்ந்தார். மச்சினனும் அவரும் சேர்ந்து இழுத்ததில் சூட்டோடு கொஞ்சம் தோலும் வந்தது. மச்சினன் சிவப்பை மாட்டிக்கொண்டான். சூப்பர்வைசர் நாற்காலியில் சரிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

மேனேஜர் வரும்போது முகம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஹெல்மெட் கக்கத்தில் இருந்தது.

"கடைசி செஷன்ல உங்களைக் காணோமே."

"வயித்துவலி சார். இங்கேயே உட்கார்ந்துட்டேன்."

"சிவப்பு சூட்டுல ஒருத்தர் என்னை முந்தினார். ரெண்டு மீட்டர் இடம் விட்டு, நூல் பிடிச்ச மாதிரி." மேனேஜர் கொஞ்சம் குனிந்தார். "அது நீங்களோன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன்."

"நானா சார்?" சூப்பர்வைசர் எழுந்தே நின்றுவிட்டார். "கனவுல கூட உங்களை முந்த மாட்டேன் சார். இவன்தான் சார், என் மச்சினன். பெரியவங்க போறப்ப அடக்கமாப் போடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேக்கலை. மன்னிப்புக் கேளுடா."

"மன்னிச்சுக்கங்க சார்," என்றான் மச்சினன், மாமாவை முறைத்துக்கொண்டே.

"நிச்சயமா நீங்க இல்லையா? யோசிச்சுச் சொல்லுங்க."

"சத்தியமா இல்ல சார். எங்க வீட்டுல யாரை வேணா கேட்டுப் பாருங்க."

மேனேஜர் மச்சினனை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். "சரி, உடம்பைப் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, தோள் தொங்க நடந்து போனார்.

அவர் மறைந்ததும் சூப்பர்வைசர் மறுபடி நாற்காலியில் சாய்ந்தார்.

"தப்பிச்சேன்டா," என்றார் மச்சினனிடம். "நாற்காலி கெட்டியா நிக்குது."

கோச்சம்மா ஸ்டிக்கர்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். சிவப்பு சூட்டைப் பார்த்தார், சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"சூட்டை மாத்தலாம், ஹெல்மெட்டை மாத்தலாம். முழங்கையை விரிச்சு வெச்சுக்கிட்டு ஓட்டறதை மாத்த முடியுமா? ஆள் மாறாட்டத்துக்கு உங்களை இனி உள்ளேயே விடக் கூடாது. ஆனா முந்தினது சுத்தம். அதைப் போய் ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

"நீங்க வேற. ஒத்துக்கிட்டிருந்தா திங்கட்கிழமை என் கதை கந்தல். அவர் கோபத்துல பறந்ததைப் பார்த்தீங்கல்ல?"

"கோபமா?" கோச்சம்மா அவர் கையிலிருந்த பச்சை ஸ்டிக்கரை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"அவர் எட்டு வருஷமா எங்க சிவப்பு குரூப்புங்க. 'என் சூப்பர்வைசர் இன்னிக்கு ஒரே ஒரு தடவை என்னை முந்தட்டும், திங்கட்கிழமை என் நாற்காலி அவருக்குத்தான்'னு சொல்லித்தானே காலைல என்கிட்ட பச்சை கேட்டு வாங்கினார்."