பிரிண்டிசிக்குக் கொண்டுவந்த தீ

யானினா, கிரீஸ்

அன்புத் தங்கை கலிரோயிக்கு,

அண்ணன் அரிஸ்டிதிஸ் எழுதுவது. நாங்கள் நலமாக ஊர் திரும்பினோம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். குழம்பிவிடுவேனோ என்ற பயத்தில், சொல்லப்போவதை முதலிலேயே எண்ணிட்டு வைக்கிறேன்:

1. நீ கேட்டது.
2. கப்பலில் நடந்தது.
3. உன் வீட்டு மாதா படத்தின் முன் இப்போது எரிவது நம் கோயில் தீ அல்ல. நான் லைட்டரில் கொளுத்தியது.

மூன்றாவதைப் படித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடாதே.

உன் கணவர் கண்மூடிய பிறகு நீ கேட்டது ஒன்றே ஒன்று: இந்த ஈஸ்டருக்கு அப்பாவும் அம்மாவும் கும்பிட்ட கோயிலின் தீ உன் விளக்கில் எரிய வேண்டும். ஈஸ்டர் நள்ளிரவுப் பூசையில் அதை வாங்கி, கண்ணாடிக் கூண்டு விளக்கில் ஏற்றி, மலைச்சாலை நெடுக, பின்னால் வந்த பஸ்காரர் என் பரம்பரையையே விசாரிக்கும் வேகத்தில் காரை ஓட்டிவந்தேன்.

ஈகுமெனிட்சா துறைமுகத்தில் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழி, மற்றவர்களுக்கு ஒரு வழி. உன் அண்ணி எவந்தியா ஈஸ்டருக்குச் சாயமேற்றிய சிவப்பு முட்டைப் பாத்திரத்தோடு நடந்து ஏறினாள். விளக்கு என் பொறுப்பு. கப்பலின் வயிற்றுக்குள், லாரிகளுக்கு நடுவே, "ரிவர்ஸ்ல வாங்க பெரியவரே, இன்னும், இன்னும், அட பயப்படாதீங்க, கடல் அந்தப் பக்கம்!" என்று கப்பல்காரர் ஒருவர் கத்த, வியர்த்து வழிய நிறுத்திவிட்டு நிமிர்ந்தால், சுவரில் நெருப்பு கூடாது என்று படம். அனுமதி கேட்கலாமா என்று யோசித்தேன், கேட்டால் மறுப்பாரோ என்றும் யோசித்தேன், யோசித்துக்கொண்டே விளக்கை ஊதி அணைத்துவிட்டேன்.

"அய்யய்யோ, ஏன் பெரியவரே ஊதினீங்க?"

"படம் போட்டிருக்கே, தம்பி."

"அதுக்குத்தானே உங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன்! ஈஸ்டர் அன்னிக்கு எந்தக் கப்பல்காரன் விளக்கைப் பாப்பான்? எங்க கேப்டன் மாமியாரே இப்படித்தான் கொண்டுபோவாங்க."

சாவு வீட்டில் நிற்பவர் போல நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

மேலே எவந்தியா, "எரியுதா?" என்றாள். "கார்ல பத்திரமா இருக்கு" என்றேன். விளக்கு பத்திரமாகத்தான் இருந்தது. கப்பல் நகர்ந்ததும் வண்டித் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். அவளால் போய்ப் பார்க்க முடியாது என்பதில் எனக்கு ஒரு கீழ்த்தரமான நிம்மதி. கடல் அமைதியாகவே இருந்தது. நான்தான் ஆடிக்கொண்டிருந்தேன்.

இத்தாலிக் கரையில், உன் பிரிண்டிசியில் இறங்கியதும், எவந்தியா நடந்து வந்து சேர்வதற்குள், ஒரு லாரிக்காரரிடம் லைட்டர் வாங்கிக் கொளுத்தினேன். எல்லாத் தீயும் ஒரே வேதிவினைதான் என்று காலமெல்லாம் பள்ளியில் கற்பித்தவன் நான். நீ வாசலில் அதைப் பார்த்து அழுதபோது அந்தப் பாடத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "அம்மா வாசனை அடிக்குதுண்ணா" என்றாய். அடித்தது லாரி டீசல், கலிரோயி.

மன்னித்துவிடு. குழந்தைகளுக்கு என் ஆசி. கடவுள் உன் வீட்டுக்கு வெளிச்சம் தரட்டும், எந்தத் தீயிலிருந்தாவது.

உன் அண்ணன்
அரிஸ்டிதிஸ்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரம் நீ எவந்தியாவைப் போனில் கூப்பிட்டாய். எதையும் உரக்கத் திருப்பிச் சொல்வது அவள் வழக்கம். "என்னது, நாங்க கெளம்புன அன்னிக்கே காத்துல அணைஞ்சிடுச்சா? அடுப்பு லைட்டர்லயா பத்தவெச்சே? அண்ணன்கிட்ட சொல்லக்கூடாதா? சத்தியமா சொல்லமாட்டேன், போ!" என்றாள், என் முகத்துக்கு நேரே. ஆகவே மூன்றாவது குறிப்பு தவறு. அங்கே எரிவது என் லைட்டர் தீ அல்ல, உன்னுடையது.