பன்னுக்குப் பதினைந்து நாள் கெடு

தொண்டையில் சவரக் கத்தி இருக்கும்போது எந்தப் போராளியும் தன் நிலைப்பாட்டைக் கொஞ்சம் மறுபரிசீலனை செய்வான். தலைவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

முடிதிருத்துபவர் வலது கையில் கத்தியும் இடது கையில் கைப்பேசியுமாக நின்று உரக்கப் படித்தார்.

“‘முடி வெட்ட இருபது நிமிடம். அதில் பதினைந்து நிமிடம், கடைக்காரரின் மைத்துனர் எவ்வளவு பெரிய அயோக்கியர் என்ற விளக்கவுரை. நாற்காலி சுழலாது, நம் தலைதான் சுழலும். ஒரு நட்சத்திரம்.’ கேட்டீங்களா தலைவரே? என் மைத்துனனை அயோக்கியன்னு நான் சொல்லலாம். இவன் யாரு சொல்றதுக்கு?”

“அதானே,” என்றார் தலைவர். கத்தி இருந்த இடத்துக்கு அதற்கு மேல் பேச முடியாது.

“பேரைப் பாருங்க. ‘வரிசையில் நிற்பவன்’. சொந்தப் பேரைச் சொல்லத் தைரியம் இல்லாத பய. கையில மட்டும் மாட்டினான்னா...”

வாக்கியத்தைக் கத்தி முடித்து வைத்தது. காதோரம் ஒரு இழுப்பு.

வரிசையில் நிற்பவன் அந்த நாற்காலியில்தான், சோப்பு நுரைக்குள் ஒளிந்து உட்கார்ந்திருந்தான்.

முப்பத்தோரு வருடம் ஆலை வாசலில் நின்று நிர்வாகத்தை எதிர்த்து முழங்கியவர் தலைவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலை எழுந்து பார்த்தால், எதிர்க்க ஒருத்தரும் இல்லை. வீட்டில் நிர்வாகம் என்று இருந்தது மனைவி. அந்த நிர்வாகத்தோடு மோதி ஜெயித்த சங்கம் எதுவும் இதுவரை பதிவாகவில்லை. ஆகவே தெருப் பக்கம் திரும்பினார். ஒரு காலத்தில் கண் விழித்து எழுதிக் கொடுத்த துண்டறிக்கையை வாங்கி, நாலாக மடித்து, விசிறிக்கொண்டு போன மக்கள்தான் இவர்கள். இன்று நட்சத்திரம் எத்தனை என்று பார்க்காமல் ஒரு பன் வாங்குவதில்லை. சரி, மக்கள் எங்கே படிக்கிறார்களோ அங்கேயே எழுதுவோம் என்று தீர்மானம் போட்டார். ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் இருந்தது அவர் ஒருவர்தான்.

அவருடையது பொத்தான் வைத்த பழைய போன். மனைவி மதியம் கண்ணயரும் நேரம் பார்த்து அவள் போனை எடுத்து எழுதினார். பேக்கரிக்கு எழுதியதில் அவருக்கே தனிப் பெருமை உண்டு: “காலையில் வாங்கினால் பன். மாலையில் அதை வைத்துச் சுவரில் ஆணி அடிக்கலாம். கோரிக்கை ஒன்று: அன்றைய பன் அன்றே. கோரிக்கை இரண்டு: அதற்குள் ஒரு திராட்சையாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் தீர்வு இல்லையேல் அடுத்தகட்டப் போராட்டம்.” இப்படிப் பதினோரு கடைகளுக்கு.

“அஞ்சு மணிக்குப் பேக்கரி மாடியில கூட்டம்,” என்றார் முடிதிருத்துபவர். “ஆளு யாருன்னு தெரிஞ்சு போச்சாம். பேரை அங்கதான் உடைக்கப் போறாங்க. அப்புறம் ஒட்டுமொத்தப் புறக்கணிப்பு. முடி வெட்ட மாட்டோம், துணி துவைக்க மாட்டோம், குழாய் ஒழுகினா எட்டிப் பாக்க மாட்டோம். தலைமை நீங்கதான். கண்டனத் தீர்மானம் எழுத உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?”

தலைவர் துண்டை உருவிப் போட்டுவிட்டு எழுந்தார்.

“தலைவரே! இன்னொரு கன்னம்!”

“அது அப்புறம்.”

மணி மூன்றே முக்கால். புறக்கணிப்பு என்றால் என்னவென்று அந்தத் தெருவில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. எத்தனை பேரை அப்படிச் சோறு தண்ணீர் இறங்காமல் செய்திருக்கிறார்! வியர்வையும் நுரையும் கலந்து கழுத்தில் இறங்க, வீட்டுப் படியேறினார்.

மனைவி சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தபால் நிலையக் கவுண்டரில் முப்பது வருடம் உட்கார்ந்தவள். கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் என்னென்ன பொய் சொல்வார்கள் என்பதில் கரை கண்டவள். போன் அவள் மடியில் இருந்தது. ஒரு வாரமாக அதற்குப் பூட்டு வேறு.

“என்னங்க, பாதி முகத்தைக் கடையிலயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?”

“அவசர வேலை. உன் போனைக் குடு.”

“எதுக்கு?”

“மழை வருமான்னு பாக்கணும்.”

“ஜன்னலைத் திறங்க.”

“ஒரு ஆள்கிட்ட பேசணும்.”

“உங்க போன்ல பேசுங்க.”

“அதுல சார்ஜ் இல்ல. செத்துப் போச்சு.”

அவர் சட்டைப் பை அந்த நொடி பார்த்து அலறியது. மீதிக் கன்னத்துக்கு எப்போது வருகிறார் என்று முடிதிருத்துபவர் கேட்டார்.

“செத்த போனுக்கு நல்ல குரல்,” என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி. “சரி, தர்றேன். ஆனா சில விஷயம் பேச வேண்டியிருக்கு. எப்பக் கேட்டாலும் பேச்சுவார்த்தைக்கு நீங்க தேதியே குடுக்குறதில்ல.”

“இப்பவா?”

“எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. நாளைக்குக் காலையிலகூடப் பேசலாம்.”

“பேசு, பேசு!”

“சாயந்திரப் பாத்திரம் இனிமே உங்க பொறுப்பு.”

“சரி.”

“சாப்பிடுறப்போ உப்பு, காரம்னு வாயைத் திறக்கக் கூடாது.”

“அது கருத்துச் சுதந்திரம்...”

போன் மடியிலிருந்து அலமாரிக்குள் போனது. சாவி திரும்பியது.

“சரி, சரி!”

“பின்னறை எனக்கு வேணும்.”

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னறையில் முப்பத்தோரு வருடத் துண்டறிக்கைகள் கட்டுக் கட்டாக இருந்தன. துணிப் பதாகைகள், உடைந்த ஒலிபெருக்கி, தோற்ற போராட்டங்களின் கோப்புகள். ஜெயித்தவற்றின் கோப்பு மெலிதானது. எங்கோ விழுந்து தொலைந்துவிட்டது. அங்கே துடைப்பம்கூட நுழைய அவர் அனுமதித்ததில்லை.

“அது வரலாறும்மா.”

“வரலாறு பரண்ல இருக்கட்டும். எனக்கு ஒரு கட்டில், ஒரு மேசை, உள்பக்கம் தாழ்ப்பாள் போடுற கதவு. இந்த வீட்டுக்கு வந்த நாளா கேக்குறேன்.”

“ஒரு குழு அமைச்சு ஆராயலாமே...”

“மணி நாலு,” என்றாள், அவர் கேட்காமலே.

நாள்காட்டித் தாளின் பின்பக்கம் அவள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். அந்த அறையை ஆலை நிர்வாகம் கேட்டிருந்தால் ஆறு மாதம் வேலைநிறுத்தம் நடந்திருக்கும். இவளுக்கு நாலே நிமிடத்தில் கையெழுத்துக் கிடைத்தது. பேனாவையும் அவளே மூடி வைத்தாள்.

அவள் பூட்டைத் திறந்து நீட்டிய போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டார். ஒவ்வொன்றையும் கடைசியாக ஒரு முறை படித்தார். சலவைக் கடை: “கொடுத்தது ஆறு சட்டை. வந்ததும் ஆறு. அதில் நான்கு என்னுடையவை.” அழித்தார். குழாய்க்காரர்: “வருகிறேன் என்றார். எந்த வருடம் என்று கேட்காதது என் தவறு.” சொந்தத் தோழர்களையே வேலை நீக்கம் செய்வதுபோல் இருந்தது. அவசரத்தில் பன்னுக்கு மட்டும் தவறி ஐந்து நட்சத்திரம் விழுந்து, பதறிப்போய் அதையும் அழித்தார். பதினோராவது போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு ஐம்பது.

பேக்கரி மாடியில் மாவு மூட்டைகளுக்கு நடுவே பதினோரு நாற்காலிகள். தலைவர் யாரையும் பேச விடவில்லை. போனதுமே தொடங்கிவிட்டார். முகம் காட்டாத விமர்சகனைக் கண்டித்தார். அவன் கோழை என்றார். உழைப்பவனின் எதிரி என்றார். பேசப் பேச, அவனைத் தானே போய் உதைக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றியது. இருபது நிமிடம் ஆனது, மூச்சு வாங்கியது. யாரும் குறுக்கே பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“சரி,” என்றார் கண்ணை மூடிக்கொண்டு. “பேரைச் சொல்லுங்க.”

பேக்கரிக்காரர் தேநீரை நீட்டினார். “குடிங்க தலைவரே. பேரென்ன பேரு. பன்னுக்குப் பதினைஞ்சு நாள் கெடு குடுத்து, அடுத்தகட்டப் போராட்டம்னு எழுதுற ஆளு நம்ம தெருவுல எத்தனை பேர் இருக்காங்க? மொத நாளே தெரியும்.”

தலைவர் முடிதிருத்துபவர் பக்கம் திரும்பினார். “அப்புறம் ஏன்யா கழுத்துல கத்திய வெச்ச?”

“உங்க வீட்டு அக்காதான் லேசா பயமுறுத்தச் சொன்னாங்க,” என்றார் முடிதிருத்துபவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

பேக்கரிக்காரர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். தபால் நிலையத்துக் குண்டு குண்டான எழுத்து. இன்று ஐந்து மணிக்குள் எல்லா விமர்சனங்களும் நீக்கப்படும். பதிலுக்கு, அன்றைய பன் அன்றே. திராட்சை கண்ணுக்குத் தெரியும். நாற்காலி சுழலும். சட்டைகள் அவரவருக்கே திரும்பி வரும். குழாய்க்காரர் சொன்ன நாளில் வருவார். கீழே பதினோரு கையெழுத்து. முப்பத்தோரு வருடத்தில் தலைவர் வைத்த கோரிக்கைகள் ஒன்று விடாமல் ஏற்கப்பட்டது இதுதான் முதல் முறை. ஒப்பந்தத்தில் அவர் பெயர்தான் எங்குமே இல்லை.

தலைவர் தேநீரைக் கீழே வைத்தார். சுற்றிலும் பார்த்தார். இரண்டு நாற்காலிகள் காலி.

“சலவைக்காரரும் குழாய்க்காரரும் ஏன் வரல?”

பேக்கரிக்காரர் முடிதிருத்துபவரைப் பார்த்தார். முடிதிருத்துபவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அவங்க உங்க வீட்டுல இருக்காங்க. பின்னறைக் கட்டெல்லாம் பரணுக்கு ஏத்தியாச்சு, கட்டில் மட்டும்தான் பாக்கி. இன்னும் ஒரு கால் மணி நேரம் பேசுங்க தலைவரே.”