வழியனுப்ப வந்தவர்கள்

சின்னக் கதை எழுதுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு எழுதுவதுதான் வித்தை.

பண்டாரவளையில் ஒரு வாசகர் வட்டம் குறுங்கதைப் போட்டி வைத்தது. ஐம்பது சொல்லுக்குள் எழுதி மேடையில் வாசிக்க வேண்டும். தாண்டினால் மணி அடித்து இறக்கிவிடுவார்கள். முதல் பரிசுக் கதை சஞ்சிகையில் வரும். அச்சில் என் பெயரைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு வெறி. (இருபத்திரண்டு வயசு, வேற வேலை?)

பூனாகலையிலிருந்து குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன என் அத்தையைத்தான் எழுதினேன். முடிவு: "விமான நிலையத்தில் திரும்பிப் பார்த்தாள். வழியனுப்ப யாரும் வரவில்லை." மொத்தம் நாற்பத்தெட்டுச் சொல். எழுதிவிட்டு நானே அழுதேன்.

போட்டியன்று அப்பா ஒரு வேன் பிடித்து, குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு வந்தார். வழியில் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன், புத்தி கெட்டவள்.

"யாரும் வரலையா?" பெரியப்பா கத்தினார். "கட்டுநாயக்கா ஏர்போர்ட் வரைக்கும் வந்து நின்னோமே, நாங்கல்லாம் யாரு? எங்க தங்கச்சிய அனாதை ஆக்கிட்டியேடி!"

"ஐயோ, இது கற்பனை பெரியப்பா!"

"அன்னைக்கு வழியெல்லாம் வாந்தி எடுத்தேனே, அதுவும் கற்பனையா?" என்றார் சித்தி.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று விமான நிலையத்தில் அத்தையைக் கட்டிப்பிடித்து அழுதவர் அவர். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை.

மேடையில் "வழியனுப்ப" வரை ஒழுங்காகத்தான் வாசித்தேன். முன்வரிசையில் அப்பாவின் முகம். பாழாய்ப்போன வாய், "அப்பா, பெரியப்பா, பெரியம்மா, சித்தி..." என்று அடுக்க ஆரம்பித்தது. "சித்தப்பா" என்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள். "வந்தார்கள்" என்று முடிக்கக்கூட விடவில்லை. அப்பா மட்டும் எழுந்து நின்று கைதட்டினார். பரிசு பசறை ஊர்க்காரர் ஒருவருக்குப் போனது. அவர் கதையில் ஒரு சொந்தக்காரரும் இல்லை, புண்ணியவான்.

அடுத்த ஞாயிறு அத்தை குவைத்திலிருந்து பேசினார். அப்பா ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னார்.

"ஏண்ணே, புள்ள சரியாத்தானே எழுதியிருக்கு?" என்றார் அத்தை. "உள்ள போறப்ப திரும்பிப் பாத்தேன், ஒருத்தரையும் காணோமே. எங்க போனீங்க?"

பெரியப்பா கூரையைப் பார்த்தார். அப்பாதான் மெல்லச் சொன்னார்: "சோத்துப் பார்சல் கெட்டுப்போயிரும்னு... சாப்பிட வேனுக்குப் போயிட்டோம்மா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனை உடைத்திருப்பேன்!

இப்போது எங்கள் வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும் வாசலிலேயே சொல்லிவிடுவார்கள்: "திரும்பிப் பாக்கணும்னா இப்பவே பாத்துக்க. நாங்க சாப்பிடப் போறோம்."